மெஷின் மைன்டரின் கையைக் கவனியுங்கள்: அச்சகத் தொழிலில் தோல் ஒவ்வாமை

தோலில் சொறி, சிரங்கு, கரப்பன் என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் பலர் சொல்லும் யோசனை, "கீரிமலைக்குப் போய் ஒரு கிழமை குளித்துப் பார்" என்பதாகும். கடலை ஒட்டி நன்னீர் ஊறும் அந்தக் கேணிக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்ற நம்பிக்கை மிகப் பழையது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் அங்கே நீராடி முகம் மாறப் பெற்றார் என்ற கதையிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

அதே கீரிமலைக்கு அச்சகத் தொழிலோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. வடபகுதித் தமிழ் மக்கள் இறந்தவர்களுக்கு 31ஆம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கேதான் போவது வழக்கம். அன்றைய தினம் உறவினர்களுக்குக் கொடுப்பதற்கென்று 'கல்வெட்டு' எனப்படும் நினைவுப் புத்தகத்தை அச்சிடுவார்கள். கல்யாணக் கார்டுக்கு நாள் தள்ளிப் போகலாம், கல்வெட்டுக்குப் போகாது. குறித்த நாளுக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துச் சிறு அச்சகங்களில் இரவு வேலை என்பது புதுமையல்ல. இரவு வேலை என்றால் ஒரு கலரை முடித்து, உருளைகளைக் கழுவி, அடுத்த கலரைப் போட்டு, மீண்டும் கழுவுவது. அத்தனை கழுவலும் ஒருவருடைய இரண்டு கைகளால் நடக்கிறது. அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

லீவில் ஆறும் புண்

கடதாசி வியாபாரம் காரணமாகப் பல அச்சகங்களுக்குப் போய் வருபவன் நான். குடாநாட்டில் ஓர் அச்சகத்தில் நீண்ட காலமாக வேலை செய்யும் மெஷின் மைன்டர் ஒருவரை எனக்கு நன்கு தெரியும். கலர் பொருத்துவதில் அவருக்கு நிகர் அவர்தான். அவருடைய விரல் இடுக்குகளில் முதலில் அரிப்பு வந்தது. பிறகு தோல் வெடித்து நீர் கசிந்தது. சாப்பாடுதான் காரணம் என்று வீட்டார் சொல்ல, கத்தரிக்காயை விட்டார், இறாலை விட்டார், கருவாட்டை விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் லீவு போட்டு ஒரு கிழமை கீரிமலையில் குளித்தார். கை ஆறிவிட்டது!

வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள் பழையபடி வெடிப்பு. "நானா, கீரிமலைத் தண்ணி எனக்கு ஒத்துக்கொண்டிட்டுது. வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் சரியில்லை" என்றார் என்னிடம். அவருடைய முதலாளி கெட்டிக்காரர். "போன தீபாவளி லீவிலும் உன் கை ஆறித்தானே இருந்தது? அப்போது நீ கீரிமலைக்குப் போகவில்லையே" என்று கேட்டார்.

கேணித் தண்ணீரின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஒரு கிழமையும் அவருடைய கை மையைத் தொடவில்லை, மண்ணெண்ணெயைத் தொடவில்லை, வேறு எந்த இரசாயனத்தையும் தொடவில்லை. கவனிக்க வேண்டியது அதைத்தான். லீவில் ஆறி, வேலைக்கு வந்ததும் திரும்பும் தோல் நோய் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேலைத்தலத்தை. சாப்பாடும் கிணறும் பிறகு. தோல் வைத்தியர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

தொழிலால் வரும் தோல் அழற்சியில் இரண்டு வகை உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு முதலாளியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலாவது எரிச்சல் வகை. நமது தோலில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், சவர்க்காரத் தூள் ஆகியவை மையைக் கரைப்பதுபோல அந்தப் பசையையும் கரைத்து எடுத்துவிடும். தோல் காய்ந்து வெடிக்கும. இது யாருக்கும் வரலாம். தொடும் அளவும் நேரமும் குறைந்தால் நோயும் குறையும்.

இரண்டாவது ஒவ்வாமை வகை. இங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஒரு குறிப்பிட்ட இரசாயனத்தை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. இந்தப் பதிவு சில கிழமைகளில் நடக்கலாம், பல வருடங்கள் கழித்தும் நடக்கலாம். "பதினைந்து வருடமாக இதே மையில்தான் வேலை செய்கிறேன், இப்போது மட்டும் எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஓரிரு நாட்களுக்குள் கை சிவந்து அரிக்கும். அந்தப் பதிவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை. மருந்து பூசினால் புண் ஆறும், பதிவு அப்படியே இருக்கும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. எரிச்சலால் வெடித்த தோல் திறந்த கதவைப் போன்றது. அதன் வழியாக ஒவ்வாமை தரும் இரசாயனம் இலகுவாக உள்ளே போய்விடுகிறது. எனவே 'சும்மா காய்ந்த கைதானே' என்று விட்டுவிடுவது, பின்னால் வரும் பெரிய நட்டத்துக்கு இன்றே வழி விடுவதாகும்.

அச்சகத்தில் எது எது?

ஓப்செட் இயந்திரத்தில் மை மட்டுமல்ல, தண்ணீரும் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் கலக்கும் பவுன்டன் திரவத்தில் பாசி பிடிக்காமல் இருக்க ஐசோதயசோலினோன் எனப்படும் பாதுகாப்பு இரசாயனங்களைச் சேர்ப்பதுண்டு. இவை உலகெங்கும் பெயர்பெற்ற ஒவ்வாமைப் பொருட்கள். மை விரைவில் காய்வதற்குச் சேர்க்கும் கோபால்ட் கலவைகள், மையில் உள்ள குங்கிலியப் பிசின் வகைகள், திறந்து வைத்துப் பழசாகிப்போன டர்பன்டைன் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

இப்போது பரவிவரும் யுவி மையும் யுவி வார்னிஷும் இன்னொரு வகை. ஒளி பட்டதும் இறுகும் அக்ரிலேட் என்ற பொருட்களால் அவை ஆனவை. இறுகிய பிறகு பெரிதாகத் தொல்லை இல்லை. இறுகாத ஈர மைதான் ஆபத்து. அக்ரிலேட் ஒவ்வாமை வந்தவருக்குப் பின்னாளில் பல் அடைக்கும்போது பயன்படுத்தும் சில பொருட்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இது நமது நாட்டுச் சிறு அச்சகங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. இங்கிலாந்தின் நொட்டிங்காம்ஷயர் பகுதி அச்சுத் தொழிலாளர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பதில் அனுப்பியவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு 4 பேர் தமக்குத் தோல் தொல்லை இருப்பதாகவோ முன்பு இருந்ததாகவோ கூறினார்கள்.

சீமெந்தும் அச்சுத் தகடும்

அச்சகத்தின் பழைய எதிரி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது குரோமியம்.

கீரிமலைக்குப் பக்கத்தில் காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையை வடபகுதியில் அறியாதவர் இல்லை. அதே 1950ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யேகர், பெல்லோனி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விடயத்தை வெளியிட்டார்கள். சீமெந்து வேலையால் கரப்பன் வந்தவர்களின் தோலில் பைக்குரோமேட் என்ற குரோமிய உப்பை வைத்துச் சோதித்தபோது அந்த இடம் சிவந்து வீங்கியது. மூலப்பொருட்களிலும் சூளைச் செங்கற்களிலும் உள்ள குரோமியம் சூளையின் கடும் வெப்பத்தில் ஆறாம் நிலைக் குரோமியமாக மாறிச் சீமெந்தில் சிறிதளவு கலந்துவிடுகிறது. தண்ணீரில் கரைந்து தோலுக்குள் இலகுவாக இறங்குவது இந்த ஆறாம் நிலைதான். இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் அது அவ்வளவு தீங்கில்லாத மூன்றாம் நிலைக்கு மாறிவிடும். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், கரையும் ஆறாம் நிலைக் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் உள்ள சீமெந்தைக் கையால் புழங்கும் வேலைகளுக்கு விற்பதைத் தடுத்தது.

அச்சகத்துக்கு வருவோம். ஒளி பட்டால் இறுகும் தன்மையைப் பசையிலோ முட்டை வெள்ளையிலோ உண்டாக்குவதற்கு அதே பைக்குரோமேட்டைத்தான் அந்தக் காலத்து ஓப்செட் தகடு தயாரிப்பவர்கள் கலந்தார்கள். அவர்களுடைய கைகளில் கரப்பன் சாதாரணமாக இருந்தது. பிறகு தயாராகப் பூசிய தகடுகள் வந்தன. அதன் பிறகு கணினியிலிருந்து நேராகத் தகடு எடுக்கும் முறையும் வந்தது. ஓப்செட்டில் பைக்குரோமேட்டின் தேவை போய்விட்டது. ஆனால் சிறிய ஸ்கிரீன் பிரின்டிங் கடைகள் சிலவற்றில் இன்னும் செம்மஞ்சள் நிறப் பளிங்குத் தூளாகவோ மஞ்சள் திரவமாகவோ அது இருக்கத்தான் செய்கிறது. மலிவு என்பதே காரணம்.

நான் சொன்ன மெஷின் மைன்டரைக் கொழும்பில் ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் முதலாளியே அனுப்பி வைத்தார். ஒட்டுப் பரிசோதனையில் சிவந்த இடம் பைக்குரோமேட் வைத்த இடம். பகலில் ஓப்செட், மாலையில் பின் அறையில் கல்யாணக் கார்டுக்கு ஸ்கிரீன் பூசுவது என்று அவர் இரண்டு வேலையும் பார்த்து வந்தது அப்போதுதான் வைத்தியருக்குத் தெரிந்தது. காலிலும் அரிப்பு இருந்ததற்கு அவர் போட்ட தோற் செருப்பு காரணமாக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். செருப்பு, சப்பாத்து, தோற் கையுறை ஆகியவற்றுக்கான தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுவது. அத்தோடு ஈரச் சீமெந்தைக் கையால் தொடக்கூடாது என்றும் எச்சரித்தார். மீளக் கிடைத்த காணியில் தானே சீமெந்து குழைத்து வீடு கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அது சிறிய செய்தி அல்ல. ஓர் ஒவ்வாமை அச்சகத்தில் தொடங்கி, வீட்டு வாசல் வரை வந்துவிட்டது.

ஒட்டுப் பரிசோதனை என்பது

சந்தேகத்துக்குரிய பொருட்களை உரிய அளவுக்கு ஐதாக்கி, சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். 1895இல் யாதசோன் என்ற ஜெர்மன் வைத்தியர் தொடக்கி வைத்த முறை இது. வைத்தியரிடம் போகும்போது அச்சகத்தில் பாவிக்கும் டின்கள், போத்தல்களின் லேபல்களை எழுதியோ படம் பிடித்தோ கொண்டு போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். யாரும் தாமாகவே இரசாயனத்தைத் தோலில் பூசிச் சோதித்துப் பார்க்கக் கூடாது. புதிய ஒவ்வாமையை நாமே விலைக்கு வாங்கியதாகிவிடும்.

மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டெரொய்ட் களிம்பு வாங்கிப் பூசுவதும் நல்லதல்ல. அது அரிப்பை அடக்கி, காரணத்தை மறைத்துவிடும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துபோகும்.

வுழூவுக்கு முன் கை கழுவுதல்

எமது சகோதரர்களின் அச்சகங்களில் நான் கண்ட ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். கையில் மை படலமாக இருந்தால் தண்ணீர் தோலில் படாது என்ற கவலையில், ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் மண்ணெண்ணெயையும் சவர்க்காரத் தூளையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் ஒரு நாளில் பல தடவை இப்படித் தேய்த்தால் எந்தத் தோலும் தாங்காது.

இதற்கு வழி உண்டு. முதலில் கையில் மை படாமல் கையுறையைப் போடுவது. பட்டுவிட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்துத் துணியால் துடைத்தால் சாதாரண ஓப்செட் மை இளகி வந்துவிடும். பிறகு மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போதும். யுவி மை மட்டும் விதிவிலக்கு. அது பட்டால் உடனே சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், தின்னரால் துடைத்தால் தோலுக்குள் இன்னும் பரவும். கழுவிய கையை நன்றாகத் துடைத்து, வேலை முடிந்ததும் வாசனை சேராத வாஸ்லின் போன்ற ஒன்றைப் பூசிக்கொள்வது நல்லது.

கையுறையில் கவனிக்க வேண்டியவை

இலங்கை இறப்பர் கையுறைகளை உலகமெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனால் நமது அச்சகங்களில் கையுறையைக் காண்பது அரிது. வாங்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள்.

சாதாரண இயற்கை இறப்பர் கையுறை மண்ணெண்ணெயிலும் எண்ணெயிலும் ஊதிப் பழுதாகிவிடும். நைட்ரைல் கையுறை இவற்றுக்கு நல்லது. ஆனால் வைத்தியசாலைகளில் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை, கரைப்பான்களையும் யுவி மையையும் சிறிது நேரமே தடுக்கும். மை பட்டதும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட வேண்டும். உருளை கழுவுவதற்குத் தடித்த, மணிக்கட்டுக்கு மேலே வரும் கையுறை வேண்டும். பருத்திக் கையுறை திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், அது போடாததைவிடக் கெடுதல்.

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இயந்திரம் ஓடும்போது கையுறையோடு உருளைகளுக்கு அருகில் கையைக் கொண்டுபோகக் கூடாது. கையுறையை உருளை இழுத்தால் கையும் சேர்ந்து போகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டே கழுவ வேண்டும்.

கணக்கும் சட்டமும்

வியாபாரிகளுக்கான பக்கம் என்பதால் கணக்கையும் பார்ப்போம். ஒரு நல்ல மெஷின் மைன்டரை உருவாக்க எத்தனை வருடம் எடுத்தது, அவர் பழகும் காலத்தில் எத்தனை ரீம் கடதாசி பழுதானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர் கை போய் வீட்டில் இருந்தால் புதியவரோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு பெட்டி கையுறை, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், பைக்குரோமேட் இல்லாத ஸ்கிரீன் பசை ஆகியவற்றின் விலையை வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலாபம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தின் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் முதலாளியின் பொறுப்பாக்குகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையால் வரும் காயங்களுக்கும் அதில் குறிப்பிட்ட தொழில் நோய்களுக்கும் நட்டஈட்டுக்கு வழி செய்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆலோசனை கேட்க நினைப்பவர்கள் அதை நாடலாம்.

மையும் இரசாயனமும் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பீப்பாவில் வந்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லேபல் இல்லாத திரவத்தால் நோய் வந்தால் வைத்தியராலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானின் ஒசாகா நகரில் ஓர் அச்சகத்தில் காற்றோட்டமில்லாத அறையில் கழுவு திரவத்தோடு வேலை செய்த பல இளம் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் வெளியே தெரிந்தது. அந்தத் திரவத்தில் இருந்த 1,2-டைகுளோரோபுரோப்பேன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2014இல் வகைப்படுத்தியது. கழுவும் திரவத்தின் தீங்கு தோலோடு நின்றுவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். இறக்குமதியாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, அதன் பிரதியை வாங்குபவருக்கும் கொடுங்கள்.

பிரித்தானியாவின் தொழில் சுகாதாரத் துறை அச்சகங்களுக்குச் சொல்லும் அறிவுரை மூன்றே சொற்களில் அடங்கும்: தவிர், காப்பாற்று, பார். இரசாயனம் தோலில் படுவதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில் கையுறையாலும் கழுவுவதாலும் தோலைக் காப்பாற்ற வேண்டும். தோலில் மாற்றம் வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

நான் சொன்ன அச்சகத்தில் மஞ்சள் திரவத்தை நிறுத்தி, பைக்குரோமேட் கலவாத பசைக்கு மாறிவிட்டார்கள். அந்த மனிதர் இன்றும் அங்கே கலர் பொருத்துகிறார். அவருக்குப் பொருத்தமான கையுறை எப்போதும் மேசையில் இருக்கிறது. வீட்டு வேலையில் சீமெந்து குழைப்பதற்கு மட்டும் ஆள் பிடித்திருக்கிறார். முதலாளி அந்த ஒரு கேள்வியைக் கேட்டிராவிட்டால் இந்நேரம் ஒரு நல்ல தொழிலாளியை இழந்திருப்பார். நாளை காலை உங்கள் அச்சகத்தைத் திறந்ததும், வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் ஆட்களின் விரல் இடுக்குகளை ஒரு தடவை பாருங்கள். வெடிப்பு இருந்தால், "லீவில் ஆறுகிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள்.